ஈரக்கை சென்டர் ஹாஃப்

1

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் எழுதும் பத்திரிகைப் பகுதிக்கு என்னையும் எழுதச் சொல்லிக் கடிதம் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பினாங்கில் இருக்கும் என் சித்தப்பா மகன் எழுதலாம். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் மிளகாய் வத்தல் தரகு பார்க்கிற நான் எப்படி வெளிநாட்டுக்காரன் ஆவேன்? விருதுநகரில் ரயில் ஏறி, செங்கோட்டை தாண்டி, கொல்லத்தில் வண்டி மாறினால் மறுநாள் சோற்று வேளைக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் கடிதம் போட்டவர் சொல்வதும் சரிதான். பினாங்குக்காரனுக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததைவிட எனக்கு இங்கே ரேஷன் கார்டு கிடைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. ஊரில் பெயரை நீக்கிய சான்று கொண்டுவா என்று இங்கே சொன்னார்கள். அங்கே பெயர் சேர்த்த சான்று காட்டு, நீக்குகிறோம் என்று ஊரில் சொன்னார்கள். நடுவில் நானும் என் குடும்பமும் எந்த அரிசிக்கும் சொந்தமில்லாமல் கொஞ்ச காலம் இருந்தோம். கடைசியில் ஒரு நாள் இங்கத்திய குமாஸ்தா, நீங்கள் இங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்: இந்த அண்ணாச்சி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பரேட் மைதானத்தில் நின்று ரெஃபரியை மலையாளத்தில் திட்டுகிறவர், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கார்டு கிடைத்துவிட்டது.

அந்த மலையாளமும் லேசில் வந்துவிடவில்லை. வந்த புதிதில் குடும்பம் எங்கே என்று கேட்டவர்களிடம், "என் சம்சாரம் ஊரில் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இங்கே சம்சாரம் என்றால் பேச்சு. பேச்சை ஊரில் வைத்துவிட்டு வந்த மனிதர் என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள்.

இந்தத் தை மாதத்தோடு நான் வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்தது. அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். போக மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டுத்தான் போனேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

2

பஜாரில் ஒரு பக்கம் பண்டகசாலைகள், மறுபக்கம் காயல். வத்தல், சுக்கு, நல்லமிளகு, அரிசி எல்லாம் படகிலும் லாரியிலும் வந்து இறங்கும். தெருவில் காலை வைத்ததும் தும்முகிறவன் வெளியூர்க்காரன். எனக்குத் தும்மல் நிற்க ரொம்ப நாள் ஆயிற்று.

இங்கே விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைத் தொட்டும் மடக்கியும் பேசுவார்கள். விலை படிந்தால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுப்பார்கள். பேச்சு அதோடு முடிந்தது. பெரிய வத்தல் மண்டிக்காரரான ஹாஜியார் அழுத்திவிட்டு "மதி" என்பார். போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மார்க்கெட் ஏறினாலும் இறங்கினாலும் யாரும் வார்த்தை மாற மாட்டார்கள்.

விருதுநகரிலும் இந்த வழக்கம் உண்டு என்பதால் துண்டு எனக்குப் புதிதல்ல. ஆனால் முதல் இரண்டு வருஷம் இங்கே யாரும் எனக்குத் துண்டு போடவில்லை. விலையை வாயால் சொல்வார்கள். வெளியூர்க்காரனுக்கு அப்படித்தான், நாலு பேர் காதில் விழும்படி சொல்லி அந்த நாலு பேரைச் சாட்சியாக வைத்துக்கொள்வது. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இருக்காது. சாயா வாங்கிக் கொடுப்பார்கள், பிள்ளைகுட்டியை விசாரிப்பார்கள். விலை மட்டும் வாயால்தான். மூன்றாம் வருஷம் ஒரு மழைநாளில் ஹாஜியார் தோளில் கிடந்த பச்சைக்கரைத் துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். அன்றைக்கே என் மனைவி பாக்கியத்துக்குக் கடிதம் எழுதினேன், வீடு பார்க்கிறேன், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று.

துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்துக் கொடுத்து எனக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. கையைத் தொட்டால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று. மனசில் ஒன்று வைத்துக்கொண்டு வேறு விலை சொல்கிறவன் உள்ளங்கை வேர்க்கும். இதை நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு பைத்தியமும் இங்கே வந்து பிடித்தது, ஃபுட்பால். பஜாருக்கென்று ஒரு டீம் உண்டு. ஹாஜியார்தான் அதற்குத் தலைவர். சுமடு தூக்குகிறவர்கள், மண்டி குமாஸ்தாக்கள், மீன் ஏலக்காரர் ஒருவர் என்று கலந்த டீம். மற்ற ஊர்க்காரர்கள் எங்களைத் தும்மல் டீம் என்பார்கள். மறுநாள் மலையாளப் பேப்பரில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி வந்தால் என் மகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் எழுத்துக் கூட்டத்தான் வரும். அவளுக்கு நான் ஆசையாக வைத்த பெயர் தமிழ்ச்செல்வி. பள்ளிக்கூடத்தில் தமிழ் உதிர்ந்து வெறும் செல்வி ஆகிவிட்டாள். ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு அவள் எழுதுகிற கடிதத்தில் பாதி மலையாளமாக இருக்கிறது. அண்ணன் அதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டு எழுதுகிறார். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவள் பேப்பரை விரித்து, "அப்பா, நம்மள்தான் ஜயிச்சது" என்று சொல்லும்போது அந்த "நம்மள்" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

3

போன சீசனோடு எங்கள் சென்டர் ஹாஃபுக்கு வளைகுடா விசா வந்து துபாய்க்குப் போய்விட்டான். சென்டர் ஹாஃப் இல்லாத டீம் தரகர் இல்லாத பஜார் மாதிரி. பந்து பின்னாலிருந்து அவனிடம் வந்து, அவன் காலிலிருந்துதான் முன்னால் பிரியும். அந்த இடத்துக்கு ஹாஜியார் பக்கத்து ஊரான இடக்கொச்சியின் டீமிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார். பெயர் சூசை. கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன், தமிழன். நாலு வருஷமாக இடக்கொச்சியில் ஆடிக்கொண்டிருந்தான்.

வந்த அன்று மைதானத்தில் ஒரு சின்ன வரவேற்பு. சூசை குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மைக்கைக் கொடுத்ததும் இந்த மட்டாஞ்சேரி எனக்குத் தாய்வீடு என்றான். கைதட்டல் அடங்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பள்ளுருத்திக்காரர் ஒருவர் என்னிடம் மெதுவாக, இடக்கொச்சியிலும் இவன் இதே மண்ணைத் தொட்டு இதே பேச்சைத்தான் பேசினான் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் எனக்கு நடிப்பாகவே பட்டது. இங்கே பத்துத் தெருவுக்குப் பத்து பாஷை. ஹாஜியார் வீட்டில் கச்சி பேசுவார்கள். குஜராத்தி சேட்டுகள் உண்டு, கொங்கணிக்காரர்கள் உண்டு. சூசை ஒரே வாரத்தில் ஒவ்வொருவரையும் அவரவர் பாஷையில் சுகம் விசாரித்தான். சேட்டுக் கடைக்குப் போனால் சேட்டுப் பிள்ளை, கொங்கணி வீட்டுக்குப் போனால் கொங்கணிப் பிள்ளை. நான் ஒரு பாஷையில் சுகம் விசாரிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவன் எல்லாருக்கும் ஐஸ் வைக்கிறான் என்று பாக்கியத்திடம் சொன்னேன். பொறாமையா என்று கேட்டாள். பொறாமையும்தான்.

எனக்கும் அவனுக்கும் கைகுலுக்கல் நடந்தபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது. உள்ளங்கை நனைந்து கிடந்தது.

ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இடது காலால் அவன் தூக்கிவிடுகிற பந்து ஓடுகிறவனுக்கு ஒரு அடி முன்னால் போய்க் காத்திருக்கும். எங்கள் டீம் ஒன்றன்பின் ஒன்றாக ஜெயித்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பனியனில் இருக்கும் டீம் முத்திரையை எடுத்து முத்தம் கொடுப்பான். எல்லாரும் உருகுவார்கள். நான் சாயாக்கடைக்கு நடந்துவிடுவேன்.

4

வெளியூரிலிருந்து வருகிற ஆட்டக்காரனுக்குச் சாப்பாடு போட ஒரு வீட்டை ஒதுக்குவது பஜார் வழக்கம். உங்கள் ஊர்க்காரன்தானே என்று மத்தியானச் சாப்பாட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் கரிசல்காட்டுக்காரன், கடலைப் பார்த்ததே பெரியவனான பிறகு. அவன் கடலுக்குள்ளேயே பிறந்தவன் மாதிரி. அவன் தமிழே எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் மலையாளத்துக்காரர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர்.

வந்த முதல் நாளே பாக்கியத்தை அக்கா என்று கூப்பிட்டான். செல்வியிடம் மலையாளப் பேப்பரை வாங்கி அவளுக்கே வாசித்துக் காட்டினான். பாக்கியத்தின் வத்தக்குழம்பைத் தன் அம்மா வைப்பது மாதிரி இருக்கிறது என்றான். கடற்கரையில் எந்த அம்மா வத்தக்குழம்பு வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. என் மனசு முழுக்க அந்த ஈரக்கைதான் இருந்தது.

ஒரு நாள் அவன் போன பிறகு இதைப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

"அந்தத் தம்பிக்கு எப்பவுமே கை வேர்க்கும்ங்க. சோறு பிசையும்போது வேர்க்குது, தம்ளர் நழுவுது. பொய் சொல்லிக்கிட்டா சோறு பிசையுது?"

பன்னிரண்டு வருஷ அனுபவத்தை ஒரு தம்ளரை வைத்து இவள் கவிழ்ப்பதா என்று கோபம்தான் வந்தது.

5

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஃபைனல். எங்களோடு மோத வந்தது இடக்கொச்சி.

அதற்கு முந்தின வாரம் பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியது. சூசையை இடக்கொச்சி கோல்கீப்பர் ஆன்டப்பனோடு படகுத்துறையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஒரு தடவை இல்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும் சூசை அங்கே போகிறான் என்றார் இன்னொருவர். பழைய டீமுக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கப் போகிறான் என்று சாயாக்கடையில் முடிவே கட்டிவிட்டார்கள். இத்தனை நாளாக நான் மட்டும் சந்தேகப்பட்டேன். இப்போது பஜாரே என்னோடு சேர்ந்துகொண்டது. எனக்கு ஏனோ அது சந்தோஷமாக இல்லை.

மறுநாள் சூசை சாப்பிட்டு முடித்ததும் நேராகவே கேட்டேன். ஆன்டப்பனை எதற்குப் பார்க்கப் போகிறாய்?

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அது இப்ப சொல்ல ஏலாது அண்ணாச்சி. கேம் முடிஞ்ச பெறவு சொல்லுதேன். கேமுக்கும் அதுக்கும் ஒரு பந்தமும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னான். இத்தனை நாளில் அவன் யாருக்கும் பிடிக்காத ஒரு பதிலைச் சொன்னதை நான் கேட்டதில்லை. அண்ணாச்சி நீங்க எனக்கு அப்பா மாதிரி என்று ஆரம்பித்திருந்தால் வெளியே போ என்றிருப்பேன். கேட்டவன் முகம் கோணும் என்று தெரிந்தே முடியாது என்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது. பாக்கியத்தின் தம்ளரும் கூடவே ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் ஹாஜியார் மண்டியில் கூட்டம். சூசையை ஃபைனலில் இறக்குவதா, உட்கார வைப்பதா என்று பேச்சு. இறக்கக் கூடாது என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். ஹாஜியார் எல்லாரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி எந்து பறயுந்நு?"

பஜாரில் ஒரு புது ஆளுக்குச் சரக்குக் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்ம ஆள்தான் என்று. சொன்ன பிறகு அவன் கவிழ்த்தால் வார்த்தை சொன்னவரும் கவிழ்ந்தார். எனக்குச் சொந்த மண்டி கிடையாது, கிட்டங்கி கிடையாது. என் வார்த்தைதான் என் முதல். அதை வைத்துத்தான் வாடகையும் அரிசியும் செல்வியின் படிப்பும். அதை ஒரு கால்பந்தாட்டக்காரனுக்காக எடுத்து நடுக்கூடத்தில் வைக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துதான் பேசினேன். எனக்கு வாயால் விலை சொன்ன நாட்கள் நினைவுக்கு வந்தன.

"இறக்குங்க. நான் சொல்றேன்" என்றேன்.

6

ஃபைனலுக்கு மைதானத்தில் மூங்கில் காலரி கட்டியிருந்தார்கள். இடக்கொச்சிக்காரர்கள் படகிலும் பஸ்ஸிலும் வந்து ஒரு பக்கம் முழுக்க நிறைந்துவிட்டார்கள். சூசை உள்ளே வந்ததும் அவர்கள் பக்கத்திலிருந்து ஊளையிட்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து யாரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன், செல்வி தட்டினாள்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். சூசை ஓடின ஓட்டத்தை என்ன சொல்வது! பின்னால் வந்து பந்தை எடுப்பான், முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பான், திரும்பவும் பின்னால் வருவான். பனியன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. எங்கள் ஃபார்வர்டுகள் நல்ல பந்துகளை வானத்துக்கு அடித்தார்கள். ஆட்டம் முடியப் போகும்போது அவர்கள் பெனால்டி பாக்ஸில் எங்கள் ஆளை இழுத்துத் தள்ளிவிட்டார்கள். ரெஃபரி விசில் ஊதினார். அன்றைக்கு ஒரு நாள் நான் அவரைத் திட்டவில்லை.

பெனால்டி என்றால் சூசைதான் அடிப்பான். கோலில் ஆன்டப்பன். மைதானம் அமைதியாகிவிட்டது. சூசை பந்தை வைத்தான், உள்ளங்கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டான். ஓடிவந்து எப்போதும் அடிக்கிற வலது மூலைக்கு ஓங்கி அடித்தான். ஆன்டப்பன் அதே மூலைக்குப் பாய்ந்தான். கையில் பட்ட சத்தம் காலரியில் கேட்டது. பந்து எகிறிக் கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

ஆன்டப்பன் கையைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு தரையில் உருண்டான். நேரத்தைக் கடத்த வேஷம் போடுகிறான் என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். நானும் கத்தினேன். எழுந்தவன் கையை வெளியே எடுக்காமலே மீதி நேரத்தை ஆடி முடித்தான். அவர்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்தது. வழக்கமாகத் தோளில் கை போட்டுச் சாயாவுக்கு இழுத்துப் போகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

7

மறுநாள் காலையில் ஹாஜியார் மண்டிக்குப் போனேன். புது வத்தல் வந்திருந்தது. கையை நீட்டினேன். ஹாஜியார் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. என்னை உட்காரச் சொன்னார், சாயா வரவழைத்தார், செல்வி எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தார். பிறகு விலையை வாயால் சொன்னார்.

குமாஸ்தாக்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வத்தலை எடுத்து ஒடித்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அடுத்த மண்டியிலும் வாயால்தான். என்னை யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். பன்னிரண்டு வருஷத்தை யாரோ சுருட்டி என் கையிலேயே கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று பாக்கியத்திடம் கேட்டேன். ரேஷன் கார்டை மறுபடி மாற்ற உங்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

சூசை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தான். பொங்கல் அன்று வாசலில் வந்து நின்றான். கையில் கல்யாணப் பத்திரிகை. ஆன்டப்பனின் தங்கை ரோசிலிக்கும் அவனுக்கும் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பேசி முடிக்கத்தான் போய்க்கொண்டிருந்தானாம். ஃபைனலுக்கு முன்னால் தெரிந்தால் டீமில் இறக்க மாட்டார்கள் என்று இரண்டு வீட்டிலும் வாயைக் கட்டியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மச்சானுக்கு எதிரில் பெனால்டி அடிக்கப் போகிறவனுக்குத்தான் நான் வார்த்தை கொடுத்தேனா! உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"நான் எப்பளும் அடிக்க மூலைக்குத்தான் அடிச்சேன், அண்ணாச்சி. முழு பெலத்தோட அடிச்சேன்."

"சரி" என்றேன். அவன் கையை நீட்டினான். நான் பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

8

கல்யாணம் நான் மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலேயே விழுந்தது. பாக்கியம் அந்த நாளில் பாயசம் வைப்பாள். இந்த வருஷம் பாயசம் கிடையாது, கல்யாணச் சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டாள். நான் வரவில்லை என்றேன். ஒரு சீசன் முழுக்க நம் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைக்கு இந்த ஊரில் பெற்றவர்களா இருக்கிறார்கள், நாம் போகாமல் யார் போவது என்றாள். என் பிழைப்பைக் கெடுத்தவன் என்று கத்தினேன். அவள் பட்டுப்புடவையை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள். செல்வி, "அப்பா, பஸ்ஸு போகும்" என்று வாசலில் நின்றாள். பள்ளுருத்தி வழியாகப் போகிற பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம்.

மாதா கோயில் வாசலுக்குப் போனால் எங்களுக்கு முன்னால் ஹாஜியார் வெள்ளைச் சட்டையும் பச்சைக்கரைத் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார். கூட பஜார்க்காரர்கள் நாலைந்து பேர். டீம் தலைவர் என்ற முறையில் அழைப்பு, வராமல் இருப்பது மரியாதை இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

பெண் வீட்டார் சார்பில் ஆன்டப்பன்தான் வாசலில் நின்று வரவேற்றான். ஹாஜியாருக்கு இடது கையை நீட்டினான். பெரிய மனிதருக்கு இடது கையா என்று எங்கள் ஆட்களின் முகம் மாறியது. அப்போதுதான் அவன் வலது கையை எல்லாரும் பார்த்தோம். மூன்று விரலைச் சேர்த்து மணிக்கட்டு வரை பிளாஸ்டர் போட்டுக் கழுத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டிருந்தது.

என்ன ஆயிற்று என்று ஹாஜியார் கேட்டார். ஆன்டப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அளியன்ட பெனால்டியாணு, ஹாஜியாரே. மூணு விரலும் ஒடிஞ்ஞு."

அளியன் என்றால் மச்சான். கொஞ்சம் நிறுத்தி, "என்னாலும் கோல் ஆயில்லல்லோ" என்று, ஆனாலும் கோல் ஆகவில்லையே என்கிற பெருமையோடு சேர்த்துக்கொண்டான். தங்கை இரண்டு நாள் சூசையோடு பேசவில்லை என்றும், அப்பன் கல்யாணத்தைத் தள்ளிவைக்கப் பார்த்தார் என்றும், தான்தான் சமாதானம் செய்தேன் என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். ஹாஜியார் அந்தப் பிளாஸ்டரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

பூசை முடிந்து பந்தலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அப்பமும் மீன் கறியும். மாப்பிள்ளைக் கோட்டில் சூசை ஒவ்வொரு மேசையாக வந்தான். எங்கள் மேசைக்கு வந்ததும் நானே எழுந்து அவன் கையைப் பிடித்தேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. அன்றைக்கு வாசலில் நின்றபோது விரல் உடைந்த விஷயத்தை ஏன்டா சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று கேட்டேன்.

"அவனுக்க ஒடிஞ்ச வெரலக் காட்டியா நான் யோக்கியன்னு சொல்லது, அண்ணாச்சி?"

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள். சூசை அடுத்த மேசைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம், இந்த இடக்கொச்சி எனக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு அது உண்மையாகவே அப்படித்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. ஒரு ஆளுக்கு ஒரு தாய்வீடுதான் இருக்க வேண்டும் என்று சட்டமா? எனக்கே இப்போது எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

செல்வி அப்பத்தைப் பிட்டுக்கொண்டே யாரோ ஒரு பெண்ணோடு மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தாள். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஹாஜியார் தம் மேசையிலிருந்து எழுந்து வந்து அதில் உட்கார்ந்தார். பஜார்க்காரர்கள் நாலைந்து பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஹாஜியார் தோளிலிருந்து துண்டை எடுத்து மேசைமேல் கிடந்த என் இடது கையின்மேல் போட்டார். தம் கையை அடியில் விட்டார்.

வத்தல் இல்லை, சுக்கு இல்லை, விலை இல்லை. என் விரல் எதையும் தொடவில்லை. கையை முழுசாகப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"மதி" என்றார்.

ஹாஜியார் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கும் கை வேர்க்குந்நுண்டல்லோ" என்று சொல்லி, அதே துண்டில் துடைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு அப்பம் கொண்டுவரச் சொன்னார்.